தையல் டீச்சர் தரைக்கு வரவழைத்த சூரியன்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளை எல்லோரும் தையல் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் படித்தது என்னவோ கணக்கு. பட்டத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்டுப் போன வருடத்தில், காலியாக இருந்தது தையல் டீச்சர் நாற்காலி ஒன்றுதான்.

"ஊசியில நூல் கோக்க வருமா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"வரும்மா."

"துணியைக் கோணலில்லாம வெட்ட வருமா?"

"வரும்மா. கோணலா வெட்டினா எத்தனை டிகிரி கோணல்னும் சொல்ல வரும்."

தலைமையாசிரியை அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அது வேடிக்கை இல்லை என்று அவருக்குப் புரிய நாலைந்து வருடம் ஆயிற்று. அதற்குள் தையல் டீச்சர் கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தையே அளந்து முடித்துவிட்டாள். கொடிக்கம்பத்தில் ஏறாமலே, அதன் நிழலைப் பிடித்து உயரம் சொன்னாள். தலைமையாசிரியையின் கொட்டாவியைக்கூட அளந்துவிட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்ப வேண்டாம். அளந்தாளே தவிர, யாரிடமும் சொல்லவில்லை.

அவள் கணவர் கூரை வேலைக்காரர். தகரம், ஓடு, சிமெண்டுத் தகடு என்று எந்தக் கூரை ஒழுகினாலும் ஊரில் கூப்பிடுவது அவரைத்தான். 'கூரைக்காரர்' என்றாலே போதும், குழந்தைகூட வீட்டைக் காட்டும். அவர் மழைக்காலத்தில் படுக்கையில் கிடந்தபடியே, அடுத்த தெருவில் எந்த வீட்டில் எத்தனை சொட்டு விழுகிறது என்று சொல்வார் என்பார்கள். இதில் பாதியையாவது நம்பலாம்.

இரண்டு பேருக்கும் பழக்கமானதே ஒரு சண்டையில்தான். அவள் அப்பா வீட்டுக் கூரைக்குத் தகரம் போட வந்தவர், சரிவின் நீளத்தை அளக்க ஏணியை எடுத்தார். தரையில் நின்றபடியே அவள் சுவரின் உயரத்தையும் வீட்டின் அகலத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, "ஏற வேணாம், இவ்வளவுதான் வரும்" என்றாள். அவர் கேட்டால்தானே? "கையால தொட்டுப் பார்க்காத எதையும் நான் நம்ப மாட்டேன்" என்று ஏறி அளந்தார். ஒரு விரற்கடை வித்தியாசம் வந்தது. அந்த விரற்கடை யார் பக்கத்துத் தப்பு என்ற விவாதம் நிச்சயதார்த்தத்தைத் தாண்டி, கல்யாணத்தைத் தாண்டி, இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்த பிறகும் முடியவில்லை.

இப்படி இருக்கையில், ஒரு வருடம் கணக்கு டீச்சர் திடீரென்று வெளியூர் மாறிப் போய்விட்டார். எட்டாம் வகுப்பின் கடைசிப் பிரிவுக்கு ஆள் இல்லை. அந்தப் பிரிவுக்கு யாருமே போக மாட்டார்கள். மற்ற பிரிவுகளில் தேறாத பிள்ளைகளையெல்லாம் கூட்டிப் பெருக்கி அங்கேதான் தள்ளியிருந்தார்கள்.

"சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டா போதும்," என்றார் தலைமையாசிரியை. "சத்தம் வெளியில வராம இருந்தா சரி."

வகுப்பறை என்று சொன்னால் வகுப்பறைக்குக் கோபம் வரும். பழைய பெஞ்சுகளைப் போட்டுவைத்த தகரக் கொட்டகை அது. ஒரே ஒரு வாசல், எட்டாத உயரத்தில் சின்னதாக ஒரு ஜன்னல். உள்ளே நல்ல பகலிலும் மங்கல்தான். கூரைத் தகரத்தில் ஒரு ஓட்டை. மழை பெய்தால் அதன் வழியாக ஒழுகும் தண்ணீரில் பிள்ளைகள் மீன் பிடித்ததாகக்கூடச் சொல்வார்கள். அதெல்லாம் கட்டுக்கதை, அவ்வளவு பெரிய மீன் எதுவும் இல்லை.

முதல் நாள் அவள் பலகையில் விகிதம் என்று எழுதியதுமே பாதி வகுப்பு தூங்கிவிட்டது. மீதிப் பாதிக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அவர்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூரை ஓட்டை வழியே ஒரு வெளிச்ச வட்டம் தரையில் விழுந்து, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மணி அடிப்பதற்குள் அது மூன்றாவது பெஞ்சைத் தொடுமா தொடாதா என்பது பந்தயம். பந்தயப் பொருள், தோற்றவர் வென்றவரின் பையைச் சுமப்பது.

டீச்சர் பின்னால் போய் நின்றாள். பிள்ளைகள் பயந்து நிமிர்ந்தார்கள்.

"தொடாது," என்றாள் டீச்சர்.

"தொடும் டீச்சர்!" என்றாள் ஒரு பெண். வாய் மூடாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர்.

"எப்படிச் சொல்ற?"

"சும்மா தோணுது."

"எனக்குச் சும்மா தோணல." டீச்சர் கழுத்து நாடாவை உருவினாள். வட்டத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். "இது தன்னோட அகலத்தைத் தானே தாண்ட எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. பெஞ்சு வரைக்கும் இந்த மாதிரி எத்தனை வட்டம் வைக்கலாம்னு பாருங்க. அப்புறம் பந்தயம் கட்டுங்க. யோசிக்காம கட்டுறவங்கதான் பை சுமப்பாங்க."

தூங்கியவர்களும் எழுந்து வந்துவிட்டார்கள். அன்று அந்த வட்டம் பெஞ்சைத் தொடவில்லை. டீச்சரின் பையை ரேடியோ சுமந்துகொண்டு வாசல் வரை வந்தாள். வந்தவள் கேட்டாள்: "டீச்சர், நாளைக்கு எந்தப் பெஞ்சு?"

அவ்வளவுதான், அந்தப் பிரிவுக்கு விகிதம் வந்துவிட்டது.

பிறகு டீச்சரைப் பிடிக்க முடியவில்லை. பகலில் நிலா தெரிகிற நாட்களில் வகுப்பையே மைதானத்துக்கு ஓட்டிப் போனாள். தையல் பெட்டியிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்து நூலில் தொங்கவிட்டு, நிலாவைப் பொத்தான் சரியாக மறைக்கிற இடம் வரை பிள்ளைகளைப் பின்னால் நடக்கவிட்டாள். கண்ணிலிருந்து பொத்தான் வரை எத்தனை பொத்தானை அடுக்கலாமோ, இங்கிருந்து நிலா வரை அத்தனை நிலாவை அடுக்கலாம். "இவ்வளவு பெரிய நிலாவை ஒரு சட்டைப் பொத்தான் மறைச்சிடுச்சே டீச்சர்!" என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். வானத்துத் தூரங்களை எழுதி எழுதிப் பூச்சியங்கள் பலகையை விட்டு இறங்கிச் சுவருக்குப் போயின. சுவர் போதாமல் அடுத்த வகுப்புக்குப் போனதாகவும் கேள்வி.

ஆனால் பாடத்துக்கெல்லாம் ராஜா அந்தக் கூரை ஓட்டைதான். தரையில் விழும் அந்த வட்டம் வெறும் வெளிச்சம் இல்லை, சூரியனுடைய படமேதான் என்று ஒருநாள் அவள் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. ரேடியோகூட அணைந்துவிட்டது.

"சூரியனை நேரா பார்க்கக் கூடாது, கண்ணு போயிடும். நாம அங்க போகவும் முடியாது. அதனாலதான் அதைத் தரைக்கு வரவழைச்சிருக்கோம். இப்போ அளந்துக்கலாம்."

வருடக் கடைசியில் அந்தப் பிரிவு கணக்கில் தேறியது. முழுப் பிரிவும். தலைமையாசிரியை விடைத்தாள்களை இரண்டு தடவை திருத்தச் சொன்னார். மூன்றாவது தடவை தானே திருத்தினார். அப்புறம் பேசாமல், மேல் வகுப்புக்குப் போன அதே பிள்ளைகளுக்கு அதே கொட்டகையில் அடுத்த வருடமும் அவளையே அனுப்பினார். அதற்கடுத்த வருடமும்.

இந்த நல்ல காலத்துக்குத்தான் கண் பட்டது. தையல் பணியிடத்தில் இருப்பவர் கணக்கு நடத்துவதாக மேலிடத்துக்கு யாரோ சொல்ல, கல்வி அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. ஒரே ஒரு பாடம் பார்ப்பார். பிடித்தால் அவள் கணக்கு டீச்சர். பிடிக்காவிட்டால் அன்று மாலையே தையல் அறைக்குத் திரும்பிவிட வேண்டும். அந்தப் பிரிவுக்குப் பழையபடி யாரும் இல்லை. அதிகாரிக்குச் 'சிவப்பு மை' என்று பெயர். அவர் பேனாவில் வேறு நிறம் ஊற்றியதை யாரும் பார்த்ததில்லை.

டீச்சர் வீட்டில் இதைச் சொன்னாள். கூரைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது.

"ஏம்மா, அதிகாரி அந்தக் கொட்டகைக்குள்ள வருவாரா?"

"வராம? பாடமே அங்கதானே."

"மேல பார்ப்பாரே."

"பார்க்கட்டும்."

"ஊர்க் கூரையெல்லாம் அடைக்கிறவன் பெண்டாட்டி வகுப்பு ஒழுகுதுன்னு இப்பவே கடைத்தெருவுல கேலி பண்றாங்க. நான் ஒரு நிமிஷத்துல அடைச்சுக் கொடுத்துடுவேன். எத்தனை தடவை கேட்டுட்டேன்!"

"அது பள்ளிக்கூடத்துச் சொத்துங்க. அனுமதி வேணும், அது வேணும், இது வேணும். விடுங்க."

இதுதான் அவள் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்த ஓட்டை தனக்கு வேண்டும் என்று அவள் அவரிடம் சொன்னதே இல்லை. சொன்னால், 'ஓட்டையால் ஒரு பிரயோசனம் உண்டா' என்று இரவு முழுக்க விவாதம் நடக்கும். விரற்கடைக் கணக்கே இன்னும் தீரவில்லை, எதற்கு இன்னொன்று என்று விட்டுவிட்டாள். தும்பை விட்டால் என்ன ஆகும் என்பது திங்கட்கிழமை தெரிந்தது.

திங்கள் காலை. நல்ல வெயில். அதிகாரி இரண்டாம் பாடவேளைக்கு வருகிறார். டீச்சர் இஸ்திரி போட்ட புடவையும் கழுத்து நாடாவுமாகக் கொட்டகைக்குள் நுழைந்தாள். உள்ளே குடத்துக்குள் போனதுபோல இருட்டு. பிள்ளைகள் பேயறைந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

"டீச்சர்," என்றாள் ரேடியோ, முதல் தடவையாக மெல்லிய குரலில், "சூரியனைக் காணோம்."

டீச்சர் மேலே பார்த்தாள். ஓட்டை இருந்த இடத்தில், கறுப்பாக, வழவழப்பாக, ஒரு பிசிறில்லாமல் தார் வைத்து ஒட்டிய புதுத் தகரத் துண்டு. அந்த வேலை யார் கை வேலை என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஊரில் அவ்வளவு சுத்தமாக அடைக்கிற கை ஒன்றுதான்.

நடந்தது இதுதான். அதிகாரி வருகிறார் என்றதும் பள்ளிக்கூடத்தில் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள், பூந்தொட்டிக்குச் சிவப்பு அடித்தார்கள், நகராத எதையும் விடவில்லை. தலைமையாசிரியைக்குக் கொட்டகைக் கூரை உறுத்தியது. கூரைக்காரரைக் கூப்பிட்டுக் காதும் காதும் வைத்த மாதிரி, "ஞாயித்துக்கிழமை வந்து அடைச்சிடுங்க. டீச்சருக்குத் தெரிய வேணாம், சந்தோஷப்படட்டும்" என்றார். கூரைக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஞாயிறு முழுக்க 'தெரிஞ்சவங்க வீட்டுக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டுக் கூரை மேல் கிடந்தார்.

டீச்சர் வாசலுக்கு வந்தாள். கொட்டகைப் பக்கச் சுவரில் சாய்த்திருந்த தன் ஏணியை எடுத்துப் போகிற சாக்கில், துவைத்த சட்டையும் தலை நிறைய எண்ணெயுமாகக் கூரைக்காரர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் பெருமை வழிந்தது.

"பார்த்தியா?" என்றார். "இனி ஒரு சொட்டு விழாது."

"என்னங்க," என்றாள் டீச்சர். "உடனே மேல ஏறி ஒரு ஓட்டை போடுங்க."

"என்ன போடணும்?"

"ஓட்டை."

கூரைக்காரர் சுற்றும் முற்றும் பார்த்தார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு நகை கேட்டிருக்கியா, ஒரு புடவை கேட்டிருக்கியா? வாயைத் திறந்து கேட்ட முதல் பொருள் ஓட்டையா?"

"விளையாடாதீங்க. அந்த ஓட்டைதான் என் பாடம். அதுல வர்ற வெளிச்சத்தை வெச்சுத்தான் கணக்கே. அது இல்லைன்னா அதிகாரி என்னைச் சாயந்திரம் தையல் ரூமுக்கு அனுப்பிடுவாரு. இந்தப் பிள்ளைங்க கதி அதோகதி."

"அப்போ இத்தனை நாளா அனுமதி, அனுமதின்னு சொன்னது?"

"பொய்."

"அட!" கூரைக்காரர் தலையில் கை வைத்தார். "வாழ்க்கை பூரா ஓட்டையை அடைச்ச கைம்மா இது. நல்ல கூரையில, அதுவும் நேத்து நானே அடைச்ச கூரையில, என் கையாலயே..."

வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது. அதற்கு மேல் வாதாட நேரமில்லை. கூரைக்காரர் தம் பையைத் துழாவினார். துளை போடுகிற கருவி எதுவும் இல்லை; அடைக்கிறவர் பையில் அதற்கென்ன வேலை? ஒரு சுத்தியலும், ரம்பத்துக்குக் கூர் வைக்கிற முக்கோண அரமும்தான் இருந்தன. அவற்றை இடுப்பில் செருகிக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர்போல ஏணியில் ஏறினார்.

அதிகாரி உள்ளே வந்தார். மெலிந்த உருவம், வெள்ளைச் சட்டை, பையில் அந்தப் பேனா. தலைமையாசிரியை நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிள்ளைகள் எழுந்து வணங்கி உட்கார்ந்தார்கள்.

"ஆரம்பிங்க," என்றார் அதிகாரி. "தலைப்பு என்ன?"

"வடிவொத்த முக்கோணங்கள் சார்."

"பலகையில ஒண்ணும் காணோமே?"

மேலே 'டங்' என்று ஒரு சத்தம். தலைமையாசிரியை துள்ளி விழுந்தார். "என்ன அது?"

"பாடம் வருதும்மா," என்றாள் டீச்சர்.

இன்னொரு 'டங்'. இருட்டைக் கிழித்துக்கொண்டு மெல்லிய ஒரு கம்பி வெளிச்சம் இறங்கி, அதிகாரியின் காலடியில் வட்டமாக உட்கார்ந்தது. பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். அதிகாரி காலை இழுத்துக்கொண்டார்.

டீச்சர் நாடாவை உருவிப் பேச ஆரம்பித்த அதே நேரம், வாசலில் ஒரு தலை தெரிந்தது. கூரைக்காரர். தாம் செய்த பாவம் கீழே எப்படி இருக்கிறது என்று பார்க்க இறங்கி வந்திருந்தார். தரையைப் பார்த்தார். இன்னும் கிட்டே வந்து பார்த்தார். அதிகாரி, தலைமையாசிரியை எல்லாம் அவருக்கு மறந்துபோனது.

"இது என்னம்மா வட்டமா இருக்கு?"

"யார் இவரு?" என்றார் அதிகாரி.

"கூரைக்காரர் சார்," என்றார் தலைமையாசிரியை. "டீச்சரோட வீட்டுக்காரர்." சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது.

"சார், நீங்களே சொல்லுங்க," என்றார் கூரைக்காரர். "நான் அடிச்சது முக்கோண அரம். மேல இருக்கிறது உளுந்து அளவு முக்கோணம். கீழ எப்படி வட்டம் விழும்? மூணு மூலையும் எங்க போச்சு?"

சிவப்பு மை நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்தார். கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "டீச்சர்," என்றார், "அதானே, எங்க போச்சு?"

டீச்சர் பிள்ளைகளைப் பார்த்தாள். "யார் சொல்றீங்க?"

"ரொம்ப தூரம் வருதுல்ல டீச்சர், வழியில மூலையெல்லாம் தேஞ்சிருக்கும்," என்றது ஒரு குரல்.

"உன் மூளைதான் தேஞ்சிருக்கு," என்று எழுந்தாள் ரேடியோ. "மாமா, வாசல் என்ன வடிவம்?"

"நீள்சதுரம்."

"அது வழியா வந்தீங்களே, நீங்க நீள்சதுரமாவா ஆயிட்டீங்க? உள்ள வந்தப்புறமும் நீங்க நீங்களாத்தானே இருக்கீங்க? அந்த மாதிரிதான். ஓட்டை சூரியனுக்கு வாசல். சூரியன் வட்டம், அதனால வட்டமாவே வருது. அதோட இந்தக் கோடி வெளிச்சம் அந்தக் கோடிக்குப் போகும், அந்தக் கோடி இந்தக் கோடிக்கு வரும். மேல ஒரு பெரிய முக்கோணம், கீழ ஒரு சின்ன முக்கோணம், ரெண்டும் ஒரே சாயல். ஓட்டையிலதான் ரெண்டும் மூக்கோட மூக்கு வெச்சு நிக்குது."

"கதை விடாதே பாப்பா. நான் கையால தொட்டுப் பார்க்காம எதையும் நம்ப மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கூரைக்காரர் வெளியே போனார்.

"எங்க போறாரு?" என்றார் தலைமையாசிரியை கவலையோடு.

மேலே 'டங்'. இரண்டாவது வெளிச்சம் விழுந்தது. "கூரையில பிடுங்கின சதுர ஆணி!" என்று கூரையிலிருந்து குரல் வந்தது. "கீழ என்ன?"

"வட்டம்!" என்றது வகுப்பு.

'டங், டங்.' "இது நெல்லு மாதிரி நீளமா! கீழ?"

"வட்டம்!"

"ஐயோ, என் கூரை!" என்றார் தலைமையாசிரியை.

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கழுத்தை நிமிர்த்தி, "கூரைக்காரரே! பிறை மாதிரி ஒண்ணு போட முடியுமா?" என்று கத்தினார். பிறையும் விழுந்தது, வட்டமாக. "இன்னொண்ணு, உங்க இஷ்டத்துக்கு!" ஐந்து ஓட்டைகள், ஐந்து சூரியன்கள். அந்த ஐந்துக்கு மேல் போகாமல் தலைமையாசிரியைதான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.

"சரி, இப்போ அளப்போம்," என்றாள் டீச்சர். "தரையிலயே வெச்சா வட்டம் கொஞ்சம் இழுத்துக்கிட்டுக் கோழிமுட்டை மாதிரி இருக்கும். அட்டையை வெளிச்சத்துக்கு நேரா சாய்ச்சுப் பிடிங்க. வட்டத்தோட அகலத்தையும், ஓட்டையிலிருந்து அட்டை வரைக்கும் தூரத்தையும் எடுங்க. சூரியன் பதினஞ்சு கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கு. சூரியன் எவ்வளவு அகலம்?"

பிள்ளைகள் நாலைந்து கூட்டமாகப் பிரிந்து விழுந்து விழுந்து அளந்தார்கள். அதிகாரிக்கும் கை அரித்தது. ஒரு பையனிடம் அடிக்கோலை வாங்கி வட்டத்தை அளந்தார். கூரை உயரத்தை, முன்பே சுவரில் குறித்திருந்த அளவைப் பார்த்து எழுதிக்கொண்டார். பேனாவைத் திறந்து, சிவப்பு மையில் கணக்குப் போட்டார்.

பிள்ளைகளின் விடை ஏறக்குறைய பதினாலு லட்சம் கிலோமீட்டர் என்று வந்தது. அதிகாரிக்குப் பதினாறு லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

"டீச்சர்," என்றார் அதிகாரி. முகம் பழையபடி இறுகியது. "எல்லாக் கூட்டமும் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்காங்க. என்ன சொல்லிக் கொடுத்திருக்கீங்க?"

தலைமையாசிரியை பின்னாலிருந்து டீச்சரைப் பார்த்துக் கையை ஆட்டினார்: ஆமாம் சார் என்று சொல்லிவிடு, ஒத்துக்கொண்டு போ என்று. சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் அதிகாரி சந்தோஷமாகக் கிளம்பிப் போவார். கணக்கு நாற்காலி அவளுக்கு. ஆனால் முப்பது சொச்சம் ஜோடிக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, கையில் சரியான விடையோடு.

டீச்சர் தையல் பெட்டியிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். நுனியில் ஒரு பொத்தானைக் கட்டினாள். அதை ஒரு பிள்ளையிடம் கொடுத்துக் கூரைக்கு அனுப்பினாள்.

"என்னங்க! முதல் ஓட்டை வழியா இந்தப் பொத்தானைச் சரிச்சு நுழைச்சு..."

"பொத்தான் போகாதும்மா, ஓட்டை உளுந்தளவுதான்!"

"சரி, பொத்தானை அவுத்துட்டு நூலை மட்டும் விடுங்க. கீழ நான் கட்டிக்கிறேன்."

நூல் இறங்கியது. பொத்தானைக் கட்டியதும் நேராகத் தொங்கி, தரையைத் தொட்டு நின்றது. வெளிச்ச வட்டம் அங்கிருந்து இரண்டு மூன்று எட்டு தள்ளி, வேறு இடத்தில் இருந்தது.

"சார், நீங்க அளந்த தூரம் இது," என்றாள் டீச்சர். "நூலை இறுக்கமா பிடிச்சுக்கிட்டு வட்டத்துக்கு வாங்க சார்."

அதிகாரி நூலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாதி வழியிலேயே நூல் விறைத்து நின்றது.

"வரல," என்றார்.

"மேல கேளுங்க சார்."

"கூரைக்காரரே, இன்னும் விடுங்க!"

"எவ்வளவு?"

"விடுங்க, விடுங்க... இன்னும் கொஞ்சம்!"

நூல் நீண்டது. இதற்குள் சூரியனும் சும்மா இருக்கவில்லை, அதுபாட்டுக்கு நகர்ந்துகொண்டே போனது. அதிகாரி மண்டியிட்டு, தவழ்ந்து, அதை எட்டிப் பிடித்தார். நூல் இப்போது வெளிச்சத்தோடு வெளிச்சமாகச் சாய்ந்து நின்றது. முதலில் தொங்கியதைவிட எவ்வளவு நீளம் என்பது பார்த்த கண்ணுக்கே தெரிந்தது.

"வெளிச்சம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு இறங்கல சார்," என்றாள் டீச்சர். "சாய்ஞ்சு வருது. பிள்ளைங்க அளந்தது சரி."

அதிகாரி மண்டியிட்டபடியே தம் தாளைப் பார்த்தார். "அப்போ என் சூரியன்..."

"ரெண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல பெருத்துடுச்சு சார்," என்றாள் ரேடியோ ஆறுதலாக. "பரவால்ல, முதல் தடவை எங்களுக்கும் பெருத்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"தையல் இடத்துல இருக்கிறவங்க கணக்கு எடுக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் நான் வந்தேன்," என்றார்.

அந்த நொடி கொட்டகை இருண்டது. தரையில் இருந்த சூரியன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"கிரகணம்!" என்றது வகுப்பு.

மேலே கூரைக்காரர் குப்புறப் படுத்துக் காதை ஓட்டையில் வைத்திருந்தார். அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "யோவ், வெளிச்சத்தை விடுங்க. நான் சொல்றது தள்ளி நின்னாலும் கேட்கும்." சூரியன்கள் திரும்பி வந்தன. "வந்தேன், பார்த்தேன். இனி இந்தப் பிரிவுக்குக் கணக்கு இவங்கதான். தையலுக்கு நான் வேற ஆள் அனுப்புறேன்."

கூரை அதிர்ந்தது. ஒரு ஆள் குதித்தால் தகரம் என்ன சத்தம் போடுமோ அதைப் போட்டது. பல வருடத்துத் தூசி எல்லோர் தலையிலும் பூமாரியாகப் பொழிந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சல் நாலு தெரு தள்ளிக் கேட்டதாம். கடைத்தெருவில் ஒருவர் தராசைத் தவறவிட்டாராம்.

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், தூசி என்று சொல்லி. பிறகு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினாள். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது:

"சரி, சத்தம் போதும். விடை தப்பா வந்தவங்க எல்லாரும் மறுபடி போட்டு என்கிட்ட காட்டிட்டுத்தான் வெளியில போகணும்."

சொன்ன பிறகுதான் விடை தப்பாக வந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது அவளுக்கு உறைத்தது. தலைமையாசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சிவப்பு மை வாசல் வரை போயிருந்தார். நின்றார். திரும்பி வந்தார். கடைசிப் பெஞ்சில் ரேடியோ நகர்ந்து கொடுத்த இடத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒரு தாள் கொடும்மா," என்றார்.